வினைமுற்றை முதலில் பிடியுங்கள்: டீச்சர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். நீளமான ஆங்கில வாக்கியத்தைப் பார்த்தால் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்றே தெரியவில்லையாம். அதனால் சமையல் ஆங்கிலம் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கம்போல ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குச் சீக்கிரம் பிடிபடும். இதில் ஒரு சங்கடம் உண்டு. பள்ளிக்கூட வகுப்பும் கிளாஸ், டீக்கடை டம்ளரும் கிளாஸ், வாக்கியத்துக்குள் இருக்கிற துண்டும் கிளாஸ். ஆகவே துண்டை நான் ‘தொடர்’ என்றே எழுதப் போகிறேன். தனியாக நிற்கத் தெம்புள்ளது முதன்மைத் தொடர். இன்னொன்றின் தோளில் சாய்ந்து நிற்பது சார்புத் தொடர். முதன்மை ஒன்று மட்டும் இருந்தால் சிம்பிள். முதன்மைகள் மட்டும் ஒன்றுக்கு மேல் இருந்தால் காம்பவுண்ட். ஒரு முதன்மையோடு சார்பு சேர்ந்தால் காம்ப்ளக்ஸ். முதன்மை குறைந்தது இரண்டும், சார்பு குறைந்தது ஒன்றும் இருந்தால் அதுதான் காம்பவுண்ட்-காம்ப்ளக்ஸ். மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து எல்லாம் சேர்த்துக் கட்டிய கதம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வணக்கம் டீச்சர். எனக்கு உசிலம்பட்டிப் பக்கம். வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். காலையில் ஆரப்பாளையத்தில் இறங்கி, நத்தம் ரோட்டில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்ச் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிடுவேன். கோச்சிங்கில், “அண்ட், பட் வந்தால் காம்பவுண்ட், வென், பிகாஸ் வந்தால் காம்ப்ளக்ஸ், ரெண்டும் வந்தால் காம்பவுண்ட்-காம்ப்ளக்ஸ்” என்று எழுதிப் போட்டார்கள். மாதிரித் தேர்வில் இந்த வாக்கியம் வந்தது: “தி மேன் ஹூ சோல்ட் மீ திஸ் பைக் செட் இட் வாஸ் நியூ, பட் ஆஃப்டர் ஐ பாட் இட், ஐ ஃபவுண்ட் தட் தி என்ஜின் ஹேட் பீன் சேஞ்ச்ட்.” வினை எட்டு, எழுவாய் இரண்டு, சார்புத் தொடர் ஒன்று என்று எழுதினேன். மூன்றும் தப்பு. எப்படித்தான் பிரிப்பது?
(வாசகர், உசிலம்பட்டி)

பதில்: தம்பி, முதலில் அந்த பைக்கை விற்றவனை நினைத்தால் எனக்கே கோபம் வருகிறது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

கோச்சிங்கில் சொன்னது முழுப் பொய்யில்லை. ஆனால் அது பஸ்ஸின் கலரைப் பார்த்து ஊரைச் சொல்வது மாதிரி. பாதி நாள் சரியாக இருக்கும், மீதி நாள் வேறு ஊரில் இறங்குவீர்கள். “மை மதர் அண்ட் மை ஆன்ட் வென்ட் டு மேலூர்” என்பதில் அண்ட் இருக்கிறது. ஆனாலும் அது சிம்பிள் வாக்கியம். இரண்டு பேர் சேர்ந்து போயிருக்கிறார்கள், போனது ஒரு தடவைதான், வினையும் ஒன்றுதான்.

என் மேசையில் இன்னமும் ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பழைய பென்சில் இருக்கிறது. வினைமுற்றுக்குச் சிவப்பு வட்டம். இணைப்புச் சொல்லுக்கு நீலக் கட்டம். எழுவாய்க்குக் கடைசியில், சாதாப் பென்சிலால் ஒரு கோடு. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். எழுவாயை முதலில் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் வாக்கியம் முழுக்கப் பெயர்ச்சொல் இறைந்து கிடக்கும். வினையைப் பிடித்துக்கொண்டு “யார்? எது?” என்று கேளுங்கள். எழுவாய் தானாக வந்து நிற்கும்.

வினைமுற்று என்றால் காலம் காட்டுகிற வினை. நேற்று, இன்று, நாளை என்று மாற்றினால் அதுவும் உருமாற வேண்டும். ‘டு கோ’ மாறாது, அது முற்று இல்லை. தனியாக நிற்கிற ‘கோயிங்’ மாறாது, அதுவும் இல்லை. ‘இஸ் கோயிங்’ என்றால் ‘இஸ்’ மாறும். இரண்டும் சேர்ந்து ஒரு முற்று. உங்கள் வாக்கியத்தில் ‘ஹேட் பீன் சேஞ்ச்ட்’ மூன்று சொல்லாக இருப்பதால் மூன்று வினை என்று எண்ணிவிட்டீர்கள். நாம் அதையே ‘மாற்றப்பட்டிருந்தது’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். தமிழ் ஒட்டி வைத்ததை ஆங்கிலம் பிரித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரே ஒரு சிவப்பு வட்டம்.

இப்போது எண்ணுங்கள். சோல்ட், செட், வாஸ், பாட், ஃபவுண்ட், ஹேட் பீன் சேஞ்ச்ட். ஆறு. ஒவ்வொன்றையும் கேளுங்கள். யார் சோல்ட்? ஹூ. யார் செட்? தி மேன். எது வாஸ்? இட். யார் பாட்? ஐ. யார் ஃபவுண்ட்? இன்னொரு ஐ. எது மாறியிருந்தது? தி என்ஜின். ஒரே ‘ஐ’ தானே என்று இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. இந்த வாக்கியத்தில் ஆறு முற்று, ஆறு எழுவாய், ஆறு தொடர்.

அடுத்து நீலப் பென்சில். ஆறு பெட்டிகளைச் சேர்த்து ஒரு ரயிலாக்க எத்தனை கொக்கி வேண்டும்? ஐந்து. ஹூ, பட், ஆஃப்டர், தட். நாலுதான் இருக்கிறது. ஐந்தாவது எங்கே? ‘செட்’டுக்கும் ‘இட்’டுக்கும் நடுவில் ஒரு ‘தட்’ ஒளிந்திருக்கிறது. செட் தட் இட் வாஸ் நியூ. ஆங்கிலக்காரர்கள் இந்த இடத்தில் ‘தட்’டைச் சாவகாசமாக விழுங்கிவிடுவார்கள். கொக்கி ஒன்று குறைந்தால் விழுங்கியது எங்கே என்று தேடுங்கள்.

ஐந்தில் ‘பட்’ மட்டும் சமமானவர்களைச் சேர்த்து வைக்கிற சொல். ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ என்று அந்தக் குடும்பத்தில் ஏழு பேர். மற்ற கொக்கிகள் எல்லாம் தனக்குப் பின்னால் வருகிற தொடரைச் சார்புத் தொடராக்கிவிடும். அப்படியானால் சார்பு நாலு, முதன்மை இரண்டு: ‘தி மேன் செட்’, ‘ஐ ஃபவுண்ட்’. முடிந்தது.

சரி, இது சரிதானா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. அது புத்தகத்தில் இல்லை, உங்கள் நாக்கிலேயே இருக்கிறது. வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: “எனக்கு இந்த வண்டியை விற்ற ஆள் அது புதுசு என்று சொன்னார், ஆனால் வாங்கிய பிறகு, என்ஜின் மாற்றப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தேன்.” சோல்ட் எங்கே போயிற்று? ‘விற்ற’ என்று பெயரெச்சமாகிவிட்டது. பாட்? ‘வாங்கிய பிறகு’. ‘இட் வாஸ் நியூ’ பின்னால் ஒரு ‘என்று’ வந்து வாயை மூடிவிட்டது. என்ஜின் விவகாரம் ‘மாற்றப்பட்டிருந்ததை’ என்று வேற்றுமை உருபு மாட்டிக்கொண்டு அடங்கிவிட்டது. நெஞ்சை நிமிர்த்தி முற்றாக நிற்பவை இரண்டே இரண்டு. சொன்னார், கண்டுபிடித்தேன். அவைதான் முதன்மைத் தொடரின் வினைகள்.

நம் பிள்ளைகள் தடுமாறுகிற இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். தமிழில் ஒரு முற்று வந்தால் மூச்சு விட்டுவிடுவோம், வாக்கியம் முடிந்த மாதிரி. ஆங்கிலத்தில் சார்புத் தொடருக்குள்ளும் முழு முற்று, எழுவாயோடு, காலத்தோடு உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்ததும் நம் மனசு வாக்கியத்தை அங்கேயே முடித்துவிடுகிறது. ஆனால் வீட்டுப் பேச்சில் நாமும் அப்படிப் பேசுகிறவர்கள்தான். “நேத்து வந்தாருல்ல, அந்த மாமா” என்கிறோமே, அதில் ‘வந்தாரு’ முற்றுதானே? அதை மாமாவுக்குப் பின்னால் தள்ளி வைத்தால் ‘தி அங்கிள் ஹூ கேம் யெஸ்டர்டே’.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தமிழ்ச் சோதனை ஓரிடத்தில் காலை வாரும். “அவன் வந்து சாப்பிட்டுப் போனான்” என்பதில் முற்று ஒன்றுதான். ஆங்கிலத்தில் ‘ஹி கேம், ஏட் அண்ட் லெஃப்ட்’ என்று மூன்றும் முற்று, சார்புத் தொடர் எதுவும் கிடையாது. ஒரே எழுவாயை மூன்று வினை பங்கு போட்டுக்கொள்வதால் அதை சிம்பிள் வாக்கியம் என்றே சொல்வார்கள். ‘-து’, ‘-த்து’, ‘-ட்டு’ என்று வரிசையாக வருகிற எச்சங்களைப் பார்த்தால் அவசரப்பட வேண்டாம்.

அப்புறம், வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் நம்பரை ஒத்துப் பாருங்கள். மாதிரித் தேர்வு வாக்கியம்தான் என்று தெரியும். இருந்தாலும்.

கேள்வி: டீச்சரம்மா, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வாங்கி, வீதியில் முழம் போட்டு விற்கிறேன். இதை மகள் எழுதித் தருகிறாள். அவள் பத்தாவது. பரீட்சையில் “தி ப்ரைஸ் ஆஃப் தி ஃப்ளவர்ஸ் ஆர் ஹை” என்று எழுதினதுக்கு மார்க் இல்லை. பூ நிறைய இருக்கும்போது ‘ஆர்’ வராதா?
(வாசகி, மதுரை)

பதில்: தங்கச்சி, நீங்கள் தினமும் சொல்கிற பேச்சிலேயே பதில் இருக்கிறது. “பூ விலை ஏறிடுச்சு” என்பீர்கள். ஏறியது பூவா, விலையா? விலை. விலை ஒன்று. அதனால் ‘இஸ்’. மகளிடம் சொல்லுங்கள், ‘ஆஃப்’ என்ற சொல்லையும் அதன் பின்னால் வருவதையும் விரலால் மூடிவிட்டுப் படிக்கட்டும். ‘தி ப்ரைஸ் இஸ் ஹை.’ ‘எ லாட் ஆஃப்’ மாதிரி அளவு சொல்கிற சில மட்டும் இதற்கு விலக்கு.

உங்கள் தொழிலிலிருந்தே ஒரு வாக்கியம் தருகிறேன், அவள் வட்டம் போடட்டும்: “வென் தி ஈல்ட் ஃபால்ஸ் இன் ஜனவரி, தி ப்ரைஸ் ஆஃப் தி ஃப்ளவர்ஸ் ரைசஸ், பட் தி வெடிங்ஸ் டு நாட் வெயிட்.” பனியில் மல்லி வரத்துக் குறையும், தை பிறந்ததும் முகூர்த்தம் வரிசை கட்டும். உங்களுக்குத் தெரியாததா! முற்று மூன்று: ஃபால்ஸ், ரைசஸ், டு நாட் வெயிட். ‘ரைசஸ்’ஸைக் கேட்டால் எழுவாய் ‘தி ப்ரைஸ்’. பக்கத்தில் இருக்கிற ‘ஃப்ளவர்ஸ்’ என்று சொன்னால் காதைத் திருகுங்கள், வலிக்காமல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது பெரிய பெரிய ஆட்களையே கவிழ்க்கும். “தி ஃப்ளவர்ஸ் சோல்ட் அட் மாட்டுத்தாவணி கோ டு மெனி டவுன்ஸ்.” இதில் ‘சோல்ட்’டுக்கு வட்டம் போடலாமா? பூ எதையும் விற்கவில்லை. பூவை நீங்கள்தான் விற்கிறீர்கள். இது ‘விற்கப்படுகிற’ என்ற எச்சம். ‘சோல்ட்’டுக்கு முன்னால் ‘விச் ஆர்’ என்று நுழைத்துப் பாருங்கள், அலுங்காமல் உட்காரும். அப்படி உட்கார்ந்தால் அதற்கு வட்டம் கிடையாது. முற்று ‘கோ’ மட்டும்.

மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதை வைத்து மகளை ஒரு வாக்கியம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். திருத்தித் தருகிறேன்.

கேள்வி: ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’, ‘சின்ஸ்’ எல்லாம் சார்புத் தொடரை உண்டாக்கும் என்று படித்தேன். எல்லா இடத்திலும் அப்படிப் போட்டால் பேராசிரியர் தப்பென்று கோடு போட்டு அடித்துவிடுகிறார்.
(கல்லூரி மாணவி, திருப்பரங்குன்றம்)

பதில்: பின்னால் எழுவாயும் முற்றும் வருகிறதா என்று பாரம்மா. ‘பிஃபோர் சன்ரைஸ்’ வெறும் சொற்றொடர். ‘பிஃபோர் தி சன் ரைசஸ்’ சார்புத் தொடர். ‘ஹவெவர்’ கொக்கியே இல்லை, அதை நம்பி இரண்டு வாக்கியத்தை வெறும் கமாவால் ஒட்டாதே.

உனக்கு இது போதும். ஆனால் கையெழுத்து அழகாக இருந்ததால் ஒரு முடிச்சு தருகிறேன், நம் ஊர் முடிச்சு. “தி க்ளாத் தட் காந்தி வோர் ஆன் தி டே ஹி வாஸ் ஷாட் இஸ் கெப்ட் இன் அவர் மியூசியம், அண்ட் பீப்பிள் ஹூ கம் டு மதுரை ஃபார் தி டெம்பிள் செல்டம் சீ இட்.”

‘வாஸ் ஷாட் இஸ் கெப்ட்’ என்று இரண்டு முற்று ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி நிற்கிறதே, அங்கேதான் எல்லோரும் விழுவார்கள். பதறாமல் கேள். யார் சுடப்பட்டார்? ஹி. எது வைக்கப்பட்டிருக்கிறது? ‘ஹி’ இல்லை, ‘டே’ இல்லை, வாக்கியத்தின் முதலில் நிற்கிற ‘தி க்ளாத்’. எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவில் இரண்டு சார்புத் தொடர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டன. இரண்டு முற்று முட்டிக்கொண்டு நின்றால், முதலாவது உள்ளே இருக்கிற தொடருக்குச் சொந்தம், இரண்டாவது வெளியே தூரத்தில் காத்திருக்கிற எழுவாய்க்குச் சொந்தம். பெரும்பாலும் அப்படித்தான்.

முற்று ஐந்து: வோர், வாஸ் ஷாட், இஸ் கெப்ட், கம், சீ. கொக்கி நாலு வேண்டும். தட், அண்ட், ஹூ கண்ணுக்குத் தெரிகிறது. நாலாவது ‘டே’க்கும் ‘ஹி’க்கும் நடுவில் விழுங்கிய ‘வென்’.

தமுக்கத்து அரண்மனையில் இருக்கிற காந்தி மியூசியத்தைத்தான் சொல்கிறேன், 1959ல் நேரு திறந்து வைத்தது. ரத்தக் கறை படிந்த துணியை அங்கே வைத்திருக்கிறார்கள். காந்தி சட்டையை விட்டு முழங்கால் துண்டுக்கு மாறியதும் இதே ஊரில்தான், மேலமாசி வீதியில், 1921 செப்டம்பர் 22ஆம் தேதி. திருப்பரங்குன்றத்தில் இருந்துகொண்டு நீ இன்னும் போய்ப் பார்க்கவில்லை என்றால் ‘பீப்பிள் ஹூ’வில் உன்னையும் சேர்க்க வேண்டியதுதான்.

கேள்வி: மேடம், நான் இருபது வருஷமாக மீனாட்சி அம்மன் கோயில் பக்கம் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன். கிராமர் புத்தகம் தொட்டதே இல்லை. இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. சின்னப் பிள்ளைகளை எழுவாய், வினை என்று ஏன் வதைக்கிறீர்கள்?
(வாசகர், மதுரை)

பதில்: அண்ணே, பேசுவதற்கு இது எதுவும் வேண்டாம். ஒத்துக்கொள்கிறேன். நான் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவள். சித்திரை வீதியில் ஒரு வெள்ளைக்காரம்மா வழி கேட்டபோது எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது, நீங்களாக இருந்தால் அவரைக் கோபுரம் கோபுரமாகக் கூட்டிப் போயிருப்பீர்கள். எதிரில் ஆள் இருந்தால் அவர் முகத்தைப் பார்த்தே புரிந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம். புரியாவிட்டால் திருப்பிச் சொல்லலாம், கையைக் காட்டலாம். காகிதத்திடம் அது நடக்காது.

சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ரொம்ப நாளாக உண்டு. நான் ஓய்வு பெற்ற வருஷம் ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்தோம். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் ஒரு வாக்கியம்: “தி கம்பெனி வில் பே தி பில், அண்ட் தி பேஷன்ட் நீட் நாட் டெபாசிட் எனி மணி, அன்லெஸ் தி இல்னஸ் எக்ஸிஸ்டட் பிஃபோர் தி பாலிசி பிகன்.” உண்மையைச் சொன்னால் பெரிய எழுத்து முதல் கமா வரைக்கும்தான். அப்புறம் எழுத்து சின்னதாகிக்கொண்டே போகும். முதல் இரண்டு தொடரும் முதன்மை, நெஞ்சை நிமிர்த்தி நின்றன. அதைப் படித்தேன், மனசு நிறைந்துவிட்டது, கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஆடியில் அவர் காலில் ஒரு புண், ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். பில் ரூ. 68,000. கம்பெனியிலிருந்து வந்த பதில் கடிதத்தில் ஒரே ஒரு தொடருக்கு அடிக்கோடு இருந்தது. ‘அன்லெஸ்’ தொடருக்கு. அதற்குள் இன்னொரு சார்புத் தொடர், ‘பிஃபோர் தி பாலிசி பிகன்’. சார்புக்குள் சார்பு. முன்னால் போன இரண்டு முதன்மைத் தொடர்களையும் அந்தக் குட்டித் தொடர் இரண்டும் சேர்ந்து காலி செய்துவிட்டன. திருமங்கலத்துப் பக்கம் அரசுப் பள்ளியில் 31 வருஷம் ‘அன்லெஸ்’ நடத்தினவள் நான். “அன்லெஸ் என்றால் ‘இல்லாவிட்டால்’ என்று வைத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளா, எப்போதும் வாக்கியத்தைத் தலைகீழாக்கும்” என்று கரும்பலகையில் எழுதி எழுதிச் சாக்பீஸ் தேய்ந்தது. பில்லைக் கட்டியது அவருடைய சேமிப்பிலிருந்து. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அந்த விளம்பரத் தாள் இன்னும் பீரோவில் இருக்கிறது. டியூஷன் பிள்ளைகள் காம்பவுண்ட்-காம்ப்ளக்ஸ் கேட்டால் அதைத்தான் எடுத்துப் போடுகிறேன். நாலு சிவப்பு வட்டம், மூன்று நீலக் கட்டம். ‘அன்லெஸ்’ கட்டம் மட்டும் தாள் கொஞ்சம் கிழிந்திருக்கும். அன்றைக்கு அழுத்திப் போட்டது.